முதல் இருபது மணி நேரம்

(கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புதிதாகச் சேரும் என்.எஸ்.எஸ். மாணவர்களுக்கு அறிமுகப் பயிற்சியை எப்படித் திட்டமிடுவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். உங்களில் பலருக்கு இந்த ஆண்டுக்கான தேதி குறித்தாகியிருக்கும். சிறப்பு விருந்தினர் படத்தோடு பிளக்ஸுக்கும் சொல்லியிருப்பீர்கள். அதை நிறுத்துங்கள் என்று சொல்லப் போவதில்லை. அந்த விழா முடிந்த பிறகு மிச்சமிருக்கும் நேரத்தைப் பற்றித்தான் என் பேச்சு.

ஏனென்றால் நம்மிடம் பெரும்பாலும் விழாவே பயிற்சியாகிவிட்டது. பத்து மணிக்கு நிகழ்ச்சி என்றால் பிள்ளைகளை ஒன்பதரைக்கே கொண்டுவந்து அரங்கில் உட்கார வைத்துவிடுவோம். விருந்தினர் பதினொன்றுக்கு வருவார். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை. சிறப்புரையில் விவேகானந்தர் வருவார், அன்னை தெரசா வருவார், அப்துல் கலாம் கட்டாயம் வருவார். மூவரும் பெரியவர்கள்தான். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிற பையன் வருகிற சனிக்கிழமை எங்கே போய் என்ன செய்யப் போகிறான் என்பது மட்டும் அந்தப் பேச்சில் வராது. நன்றியுரை, நாட்டுப்பண், குழுப் படம். மறுநாள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரி. அடுத்த வாரமே அதே பையனுக்குப் பட்டமளிப்பு விழாவில் நாற்காலி போடும் வேலை. பிறகு விளையாட்டு விழாவில் நாற்காலி. அவனைப் பொறுத்தவரை என்.எஸ்.எஸ். என்றால் நாற்காலி.

ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுக்கு 240 என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். முதல் ஆண்டின் 120 மணி நேரத்தைக் கையேடு எப்படிப் பிரித்திருக்கிறது என்பதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அறிமுகப் பயிற்சிக்கு 20. வளாகத்துக்குள் செய்யும் வேலைக்கு 30. அதற்கு மேல் போகக் கூடாது. மீதி 70 மக்களிடையே. அந்த இருபதையும் மூன்றாக வகுத்திருக்கிறார்கள். பொது அறிமுகத்துக்கு 2 மணி நேரம், சிறப்பு அறிமுகத்துக்கு 8, செயல்திறன் பழகுவதற்கு 10. திட்டத்தை வகுத்தவர்கள் மேடைக்குக் கொடுத்தது பத்தில் ஒரு பங்குதான். நாம் அந்த இரண்டு மணி நேரத்தைச் சீரும் சிறப்புமாக நடத்திவிட்டு, பாக்கிப் பதினெட்டைப் பதிவேட்டில் நடத்துகிறோம்.

கொஞ்சம் வரலாறு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் நமக்குத் தேவையான ஒன்று இருக்கிறது. மாணவர்கள் தேசப் பணியில் ஈடுபட வேண்டும் என்ற யோசனை 1948–49இல் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவிலேயே வந்துவிட்டது. விருப்பத்தின் பேரில் செய்யட்டும் என்றது அந்தக் குழு. பத்து ஆண்டு கழித்து, 1959இல், சி.டி. தேஷ்முக் தலைமையிலான குழு வேறு திசையில் போனது. பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குள் நுழைய விரும்புகிறவர்கள் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயமாகத் தேசப் பணி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. செலவையும் நடைமுறையையும் நினைத்துப் பார்த்து அரசு தயங்கியது. பிறகு கல்வியாளர் கே.ஜி. சையிதைன் பல நாடுகளில் மாணவர்கள் செய்யும் பணியை ஆராய்ந்து 1960இல் அறிக்கை கொடுத்தார். அடுத்து கோத்தாரி கல்விக் குழு, கல்வி அமைச்சர்கள் மாநாடு, துணைவேந்தர்கள் மாநாடு என்று விவாதம் நடந்துகொண்டே இருந்தது. கடைசியில் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் இதைத் தொடங்கி வைத்தார். அன்றைக்குச் சேர்ந்த மாணவர்கள் 40,000 பேர்.

கட்டாயமா விருப்பமா என்று இருபது ஆண்டு யோசித்து, விருப்பம் என்று முடிவு செய்த திட்டம் இது. நம் கல்லூரிகளில் அந்த விருப்பம் எப்படி நடக்கிறது? சேர்க்கை நாளன்று என்.சி.சி., என்.எஸ்.எஸ்., ஒய்.ஆர்.சி. (இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம்) என்று மூன்று கட்டம் போட்ட தாளில் ஒரு டிக். என்.சி.சி.க்கு உயரம் போதாதவனை இந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள். துறைத்தலைவர் "நூறு பேர் கணக்கு வரணும், நீயும் எழுதிக் கொடுத்துடு" என்பார். சேர்ந்துவிட்டானே, இனிமேல் ஆர்வத்தை ஊட்டுவோம் என்று நாம் மேடை போடுகிறோம்.

நான் சொல்வது இதுதான். பெயர் எழுதுவதைப் பயிற்சியின் தொடக்கத்தில் வைக்காதீர்கள், கடைசியில் வையுங்கள். ஓர் அலகுக்கு நூறு பேர் வேண்டுமென்றால் நூற்றைம்பது பேரை அழைத்துப் பயிற்சி கொடுங்கள். வெயிலில் ஒரு நாள் ஊருக்குள் நடக்கட்டும். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசட்டும். அதற்குப் பிறகு விண்ணப்பத்தைக் கையில் கொடுங்கள். வேண்டாம் என்று போகிறவனுக்கு ஒரு மனக்குறையும் இல்லாமல் விடை கொடுங்கள். எண்பது பேர்தான் மிஞ்சினால் பல்கலைக்கழகத்துக்கு என்ன கணக்குக் காட்டுவது என்று கேட்பீர்கள். எண்பது பேரும் உண்மையாக வருவார்கள் என்றால் அந்தக் கணக்கைக் காட்டுவதில் சிரமமே இருக்காது. நூறு பேர் பட்டியலில் நாற்பது பேர் வருவதைக் காட்டுவதுதான் இப்போது நம் பெரிய வேலையாக இருக்கிறது.

சான்றிதழுக்காகத்தான் சேர்கிறான் என்று பிள்ளைகளைக் குறை சொல்கிற பேச்சு ஒன்று உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாமும் பதவி உயர்வுக்கான புள்ளிகளை நினைத்துக்கொண்டுதான் சில பொறுப்புகளை வாங்கிக்கொள்கிறோம். அவன் எதற்காக வந்தான் என்பது இருக்கட்டும், வந்தவனுக்கு முதல் மாதத்தில் என்ன கிடைத்தது என்று பார்ப்போம்.

வருகிறவர்கள் யார்? அரசுக் கல்லூரியிலும் உதவிபெறும் கல்லூரியிலும் முதல் ஆண்டில் வந்து உட்காருகிறவர்களுக்குப் பதினேழு வயது. அவர்களில் பலர் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். இலவசப் பேருந்து அட்டையில் வந்துபோகிறவர்கள். நான்கே முக்கால் பேருந்தை விட்டால் அடுத்தது ஆறரை. சாயங்காலம் மொபைல் கடையிலோ பரோட்டாக் கடையிலோ வேலைக்குப் போகிற பையன்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் சம்மதம் வாங்குவது தனிக்கதை. இவர்களுக்குத் திட்டம் போடும்போது முதலில் பேருந்து நேரத்தைப் போடுங்கள், பிறகு தலைப்பைப் போடுங்கள். இருபது மணி நேரத்தை இரண்டு நாளில் அடைக்காமல் ஐந்து சனிக்கிழமையாகப் பிரித்து, நாளுக்கு நான்கு மணி நேரம் வைத்தால் பெரும்பாலோர் வர முடியும். கல்லூரி திறந்த முதல் இரண்டு வாரத்தைத் தொடவே தொடாதீர்கள். சாதிச் சான்றிதழ், உதவித்தொகை, வங்கிக் கணக்கு என்று அவர்கள் அலைகிற நேரம் அது.

வயதைச் சொன்னேன் அல்லவா, அதில் இன்னொன்று இருக்கிறது. அறிமுகக் கூட்டத்தின் முடிவில் ரத்ததான முகாம் வைக்கிற பழக்கம் பல இடங்களில் உண்டு. ரத்தம் கொடுக்கப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும். முதலாண்டு வகுப்பில் இந்த இரண்டும் உள்ளவர்கள் எத்தனை பேர்? ஆர்வத்தோடு வரிசையில் நின்ற பெண்ணை "உனக்கு ஹீமோகுளோபின் இல்லை, போம்மா" என்று எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்புவதில்தான் அவளுடைய முதல் சேவை அனுபவம் முடிகிறது. ரத்ததானம் இரண்டாம் ஆண்டுக்கான வேலை. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு ரத்தசோகைப் பரிசோதனை வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் வந்து செய்து கொடுப்பார்கள். அது அவர்களுக்கே பயன்படும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். "கிராமம்" என்று நாம் பேசுகிற தொனி. நம் இந்தியாவின் ஆன்மா கிராமத்தில் இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள் என்று விருந்தினர் சொல்கிறபோது, எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அன்று காலை அங்கிருந்துதான் பேருந்து ஏறி வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாற்று நடத் தெரியும், வரப்பு வெட்டத் தெரியும், ஆட்டுக்குக் கழிச்சல் வந்தால் என்ன கொடுப்பது என்று தெரியும். நமக்குத்தான் தெரியாது. ஆகவே முதல் நாள் முதல் தாள் ஒரு விவரத் தாளாக இருக்கட்டும். அதில் உனக்கு என்ன வேலை தெரியும் என்று கேளுங்கள். டிராக்டர் ஓட்டுவாயா, ஐம்பது பேருக்குச் சோறு வடிப்பாயா, வயரிங் தெரியுமா, சுவரில் எழுத வருமா, இந்தியோ தெலுங்கோ பேசுவாயா, நீச்சல் தெரியுமா, பறை அடிப்பாயா. "ஹாபி" என்று கேட்டால் எல்லாரும் பாட்டுக் கேட்பது என்று எழுதிவிடுவார்கள். வேலையைக் கேட்டால் அந்தத் தாளிலிருந்து ஒரு முகாமையே அமைத்துவிடலாம். செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் ஒடிசாக்காரர்கள் இருக்கிற ஊருக்குப் போகும்போது, சூரத்தில் வளர்ந்து இந்தி பேசப் பழகி இங்கே வந்து படிக்கிற ஒரு பிள்ளை உங்களுக்கு எவ்வளவு பெரிய சொத்து என்று அப்போது தெரியும்.

அடுத்தது சிறப்பு அறிமுகத்துக்கான எட்டு மணி நேரம். இதை அரங்கத்துக்குள் நடத்தவே முடியாது என்பது என் கருத்து. அந்த ஆண்டு நீங்கள் வேலை செய்யப் போகும் ஊரிலோ தெருவிலோதான் நடத்த வேண்டும். அதிலும் கேள்வி கேட்பது எப்படி என்று பழக்குவதற்குத்தான் பெரும்பகுதி நேரத்தைக் கொடுப்பேன்.

ஒரு முகாமின் முதல் நாள். வீடு வீடாகக் கணக்கெடுப்பு. பையில் அட்டை, அட்டையில் நான்கு பக்கப் படிவம். இரண்டு பெண்கள், ஒரு பையன். வாசலில் ஓர் அப்பத்தா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மாணவி படிவத்தைப் பார்த்து வாசித்தாள்: குடும்பத் தலைவர் பெயர், மாத வருமானம், வீட்டில் கழிப்பறை உள்ளதா, பயன்படுத்துகிறீர்களா, இல்லையென்றால் ஏன். அப்பத்தா நிமிரவே இல்லை. "போன வருசம் வந்த பிள்ளைகளும் இதத்தான் கேட்டுச்சுக. எழுதிக்கிட்டுப் போச்சுக. அதுல இருக்கும், போய்ப் பாருங்க" என்றார். பையன் விடவில்லை. "அது வேற காலேஜ், அப்பத்தா." "எந்தக் காலேஜா இருந்தா எனக்கென்னய்யா? வருமானம் எம்புட்டுன்னு கேக்குறியே, ஒங்கப்பனுக்கு எம்புட்டு வருதுன்னு நான் கேட்டேனா?" மூன்று பேருக்கும் முகம் சுருங்கிவிட்டது. அதுவரை பேசாமலிருந்த இரண்டாவது பெண் அட்டையைக் கீழே வைத்துவிட்டு முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீரையை ஆயத் தொடங்கினாள். காம்பை உருவுகிற பழக்கம் அவள் கைக்கு இருந்தது. அரை மணி நேரம் கழித்து அந்தத் தெருவில் தண்ணீர் எந்த நாளில் எத்தனை மணிக்கு வருகிறது, பைப்பைத் திறக்கிறவர் யார், கழிப்பறை கட்டியும் ஏன் அதில் விறகு அடுக்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் கிடைத்துவிட்டது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அப்பத்தா கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. எழுதிக்கொண்டு போன தாள் என்ன ஆனது? நம் துறை அலமாரியில் கட்டுக்கட்டாக இருக்கிறது. ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு பிரதி போனதா? போகவில்லை. ஆகவே பயிற்சியில் இதை ஒரு விதியாகவே சொல்லிக் கொடுக்க வேண்டும். எடுத்த கணக்கை, பெயர்களை நீக்கிவிட்டு, மூன்று வாரத்துக்குள் அதே ஊர் மந்தையில் நின்று வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்க நேரமில்லை என்றால் கணக்கு எடுக்க வேண்டாம். வருமானத்தையும் சாதியையும் வாசலில் நின்று கேட்கிற உரிமை பதினேழு வயதுப் பிள்ளைக்கு யாரும் கொடுக்கவில்லை. 

தொண்டு செய்யப் போகிறவர்களின் இந்த உரிமை எண்ணத்தை ஒருவர் முன்பே கேள்வி கேட்டிருக்கிறார். 1968இல், விடுமுறையில் மெக்சிகோ கிராமங்களுக்குத் தொண்டு செய்யக் கிளம்பிய வட அமெரிக்க மாணவர்களின் கூட்டத்தில் சமூகச் சிந்தனையாளர் இவான் இல்லிச் பேசினார்.  உங்கள் நல்லெண்ணம் இந்த மக்களுக்குத் தேவையில்லை, கற்றுக்கொள்ள வருவதென்றால் வாருங்கள், உதவ வருவதென்றால் வராதீர்கள் என்ற பொருளில் போட்டு உடைத்துவிட்டார். அந்தப் பேச்சை அப்படியே நம் பிள்ளைகளுக்குப் பொருத்த முடியாது. டாலரோடு விமானத்தில் வந்து இறங்கியவர்களைப் பார்த்துச் சொன்னது அது. நம் மாணவன் பக்கத்து ஊர்க்காரன், பாஷை தெரிந்தவன், சில சமயம் அதே ஊரில் அவனுக்கு அத்தை வீடு இருக்கும். இருந்தாலும் டி-சர்ட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டதும் அவனிடம் ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது பாருங்கள், அந்த மிடுக்கைப் பற்றி இல்லிச் சொன்னது அவ்வளவும் சரி.

ஊரைத் தெரிந்துகொள்ள நல்ல வழி ஒன்று ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. பி.ஆர்.ஏ. (பங்கேற்பு ஊரக மதிப்பீடு) என்று 1990களில் தொண்டு நிறுவனங்கள் வழியாகப் பரவியது. ஊர்க்காரர்களையே தரையில் தங்கள் ஊரை வரையச் சொல்வது. கோலமாவு, செங்கல் பொடி, புளியங்கொட்டை, இலைதழை போதும். நம் முகாம்களில் இது இன்னும் நடக்கிறது. ஆனால் படம் முடிந்ததும் அதன் மேல் பேனரைப் பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். வரைகிறபோது என்ன நடக்கிறது என்று பார்க்கப் பழக்க வேண்டும்.

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பெரியவர் ஒருவர் கோலமாவை வாங்கி முதலில் கோயிலைப் போட்டார். அப்புறம் கண்மாய், மடை, மேல்நிலைத் தொட்டி, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, மூன்று தெரு. "அவ்வளவுதான் ஊரு" என்று கையைத் தட்டிவிட்டு எழுந்தார். நாங்கள் காலையில் பேருந்தில் இறங்கி நடந்து வந்த வழியில் அறுபது எழுபது வீடுகளைப் பார்த்திருந்தோம். அவை படத்தில் இல்லை. முதலாண்டு மாணவி ஒருத்தி, எதையும் குத்திக் காட்டாமல், "ஐயா, நூறு நாள் வேலைக்கு வர்றவங்க எந்தப் பக்கமிருந்து வருவாங்க?" என்று கேட்டாள். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னால் நின்ற ஓர் அம்மா முன்னால் வந்து, மாவை வாங்கி, கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் வரிசையாக வீடுகளைப் போட்டார். தொட்டியிலிருந்து அங்கே குழாய் போகவில்லை என்பதும் அப்போதுதான் கோட்டில் தெரிந்தது. ஊருக்கும் காலனிக்கும் இடையில் இருப்பதை எந்தச் சிறப்பு விருந்தினராலும் அந்தப் பிள்ளைகளுக்கு அப்படிக் காட்டியிருக்க முடியாது.

இதனால்தான் முகாம் எங்கே தங்குகிறது, முதலில் எந்தத் தெருவில் கால் வைக்கிறது என்பதைப் பயிற்சிக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள் என்கிறேன். கோயில் மண்டபத்தில் தங்கினால் ஊரில் பாதிப் பேர் உங்களைப் பார்க்க வர மாட்டார்கள், அல்லது வர முடியாது. பள்ளிக்கூடம்தான் சரி. சமையலுக்கு யாரை வைப்பது, யார் வீட்டுத் தண்ணீரைக் குடிப்பது என்பதையெல்லாம் ஊர் கவனிக்கும். உங்கள் மாணவர்களுக்குள்ளேயும் அது ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பேசாமல் தவிர்ப்பதற்கு ஒற்றுமை என்று பெயர் வைக்காதீர்கள். பத்துப் பத்துப் பேராகக் குழு பிரிக்கும்போது நண்பர்களாகச் சேர விடாமல் கலந்து போடுங்கள். பெண்களை மட்டும் சமையல் குழுவில் போடும் வழக்கம் உங்கள் கல்லூரியில் இருந்தால் அதை முதல் நாளே ஒழித்துக்கட்டுங்கள். எல்லாக் குழுவும் முறை வைத்து வெங்காயம் உரிக்கட்டும்.

செயல்திறனுக்கான பத்து மணி நேரத்துக்கு வருகிறேன். இதில் எல்லாவற்றையும் தொட்டுக் காட்ட ஆசைப்படக் கூடாது. மூன்றோ நான்கோ விஷயம், ஒவ்வொன்றும் கை பழகும்வரை. வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று எல்லாரும் சொல்வார்கள். கலக்கச் சொன்னால் கை நடுங்கும். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், சர்க்கரை தலைதட்டி ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. ஒவ்வொரு பிள்ளையும் கலந்து, தானே குடித்துப் பார்க்க வேண்டும். கண்ணீரைவிடக் கரிப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்க வேண்டும். மார்பை அழுத்திக் கொடுக்கும் முதலுதவி இன்னொன்று. அதற்கு 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களையோ செவிலியரையோ அழைத்து, ஆளுக்கு ஒருமுறையாவது பொம்மையில் செய்ய வையுங்கள்.

பேரிடர் வேலை என்றால் வீரமாகத் தண்ணீரில் இறங்குவது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரத்தில் மலைமலையாகக் கிடந்த பழைய துணியை நம்மில் வயதானவர்கள் பார்த்திருப்போம். அன்போடு அனுப்பியதுதான், பிரிக்க ஆளில்லாமல், கட்ட யாருக்கும் மனமில்லாமல், மழையில் நனைந்து குப்பையானது. 2015 சென்னை வெள்ளத்தின்போது வந்து குவிந்த சாமான்களைப் பிரித்து, எழுதி, எந்தத் தெருவுக்கு எது என்று அனுப்பத் தெரிந்தவர்கள்தான் மிகவும் தேவைப்பட்டார்கள். சரக்குப் பிரிப்பதும் இருப்புப் பதிவேடு எழுதுவதும் ஒரு திறன். வணிகவியல் மாணவர்களிடம் கொடுங்கள், பிய்த்து உதறுவார்கள்.

மரம் நடுவதைப் பற்றிச் சொல்லாமல் போனால் கூட்டம் என்னை விடாது. உலகச் சுற்றுச்சூழல் தினம் ஜூன் 5 என்பது உலகத்துக்குச் சரி. கன்னியாகுமரி, தென்காசிப் பக்கத்தை விட்டுவிடுங்கள், மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் சிவகங்கைக்கும் மழை அக்டோபரில்தான் பிடிக்கிறது. நாம் ஜூலையில் அறிமுகப் பயிற்சி வைத்து, காய்ந்த மண்ணில் குழி தோண்டி, விருந்தினரை விட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வைத்து, ஆகஸ்டில் குச்சியை எண்ணுகிறோம். ஜூலையில் குழி மட்டும் எடுங்கள், ஆறட்டும். விதை சேகரியுங்கள், நாற்றங்கால் போடுங்கள், எந்த மரம் எந்த மண்ணுக்கு என்று ஊர்க்காரரிடம் கேளுங்கள். ஐப்பசியில் நடுங்கள். சீமைக்கருவேலம் வெட்டுகிற முகாமுக்கும் இதே கதை. தரையோடு வெட்டிவிட்டு வந்தால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். தூரோடு பெயர்க்க ஜேசிபி வேண்டும், அதற்கு ஊராட்சி மனது வைக்க வேண்டும். அது இல்லாமல் ஐம்பது பிள்ளைகளிடம் அரிவாளைக் கொடுப்பதில் முள் குத்தினதுதான் மிச்சமாகும். கரிமூட்டம் போட்டு அதில் பிழைக்கிற குடும்பங்கள் அந்த ஊரில் இருக்கின்றனவா என்றும் முதலில் விசாரியுங்கள்.

பாதுகாப்பு பற்றி நீட்டிப் பேசப் போவதில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். கிணறு, கண்மாய், குவாரிப் பள்ளம் எதிலும் யாரும் இறங்கக் கூடாது. நீச்சல் தெரிந்தவன்தான் முதலில் போகிறான். பெண் பிள்ளைகள் தங்கும் இடத்தின் கழிப்பறையைத் திட்ட அலுவலர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். தலைமையாசிரியர் "எல்லாம் இருக்கு சார்" என்று போனில் சொன்னால் நம்பாதீர்கள். கதவைச் சாத்தி, கொண்டி விழுகிறதா, இரவில் விளக்கு எரிகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, நாப்கின் போட மூடியுள்ள வாளி இருக்கிறதா என்று பாருங்கள். ஆண் அலுவலராக இருந்தால் உடன் ஒரு பேராசிரியையை அழைத்துப் போங்கள். தொந்தரவு நேர்ந்தால் எந்த எண்ணுக்கு, யாரிடம் சொல்வது என்பது பயிற்சியின் முதல் நாளே பிள்ளைகளிடம் அச்சிட்டுக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். படம் எடுப்பதற்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். கொடுக்கிற கையையும் வாங்குகிற கையையும் சேர்த்து எடுக்கிற படம் வேண்டாம். குழந்தைகளை எடுப்பதானால் தாயிடம் கேட்டுவிட்டு எடுக்கட்டும்.

இதையெல்லாம் ஒரே ஆள் செய்ய முடியுமா என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. ஏற்கெனவே வாரம் பதினாறு மணி நேரப் பாடம், தேர்வுத்தாள், நாக் தர மதிப்பீட்டுக் குழு வருகை. செய்ய முடியாது. இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் ஒப்படையுங்கள். போன ஆண்டு முகாமில் கலந்துகொண்ட ஐம்பது பேர் இருக்கிறார்கள். அவர்களில் பத்துப் பேர், ஆளுக்குப் பத்துப் புதியவர்கள். ஊர் நடையை அவர்கள் நடத்தட்டும். பேச்சு வராத பையன் ஒருவன் முகாமில் கழிவுநீர் வாய்க்காலைச் சரியாக வாட்டம் பார்த்து வெட்டியிருப்பான். அவனிடம் புதியவர்களை விடுங்கள். முகாமில் என்ன சொதப்பியது என்பதை அவர்கள் வாயால் புதியவர்கள் கேட்கட்டும். அப்போது நீங்கள் அந்த அறையில் இல்லாமலிருந்தால் இன்னும் நன்றாக நடக்கும்.

கடைசியாக, கருத்தாளர்கள். உங்கள் ஐந்து சனிக்கிழமையில் ஒன்றையாவது அந்த ஊரிலிருந்து வருகிறவர்களுக்குக் கொடுங்கள். கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், சுய உதவிக் குழுத் தலைவி, தூய்மைக் காவலர், மடை திறக்கிறவர். மேடையில் ஏற்றாமல் வட்டமாக உட்கார வைத்துப் பேச விடுங்கள். ஊருக்கு வருகிற கல்லூரிப் பிள்ளைகளால் தங்களுக்கு என்ன தொந்தரவு என்பதையும் தயங்காமல் சொல்லச் சொல்லுங்கள். அங்கன்வாடி அம்மாவுக்கு நிறையவே சொல்ல இருக்கும். அவர்களுக்குப் பொன்னாடை வேண்டாம். அன்றைய கூலி போகிறது அல்லவா, அதற்குப் பேருந்துக் கட்டணமும் சேர்த்து, பேராசிரியருக்குக் கொடுக்கிற அதே மதிப்பூதியத்தை அதே உறையில் போட்டுக் கொடுங்கள். தணிக்கையில் கேட்பார்களே என்று பயப்படாதீர்கள். ரசீதில் கருத்தாளர் என்று எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்ளுங்கள். தகுதி என்ன என்று தணிக்கையாளர் கேட்டால், மடையை எத்தனை ஆண்டாகத் திறக்கிறார் என்று எழுதிக் காட்டுங்கள்.

சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் நேரமிருக்கிறது. கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம்.